குளிர்ச்சட்டைக்குப் பின்னால்

"குளிர்னு ஒண்ணு தனியா கெடையாதுடே. சூட்டை எடுத்து…"

இதற்குமேல் சுடலைமணிக்குத் தெரியாது. மஸ்கட்டில் அவருக்கு ஏசி வேலை சொல்லித் தந்த வேதமாணிக்கம் மேஸ்திரி, ஒரு மத்தியானம் மொட்டைமாடியில் வைத்துச் சொன்னது. சொல்லி முடிப்பதற்குள் பக்கத்திலிருந்த மெஷின் உறுமத் தொடங்கிவிட்டது. மேஸ்திரியின் வாய் அசைந்தது தெரிந்தது. சொல் கேட்கவில்லை. திருப்பிக் கேட்கக் கூச்சப்பட்டு, புரிந்த மாதிரி தலையை ஆட்டிவிட்டார் சுடலைமணி.

அந்தப் பாதிப் பேச்சை வைத்துக்கொண்டே இருபது வருஷம் வேலையை ஓட்டினார். வேலை ஒன்றும் கெட்டுப்போகவில்லை.

இந்தக் கதை நடக்கும்போது வெயில் நாம் அறிந்த வெயிலைவிட ஒரு சுற்று ஏறியிருந்தது. தூத்துக்குடி உப்பளங்களில் இருட்டோடு இறங்கி வேலை பார்த்து, பத்தரை மணிக்கெல்லாம் கரையேறிவிடுவார்கள். அதற்குமேல் பாத்தியில் கால் வைக்க முடியாது. ஆட்களை ஏற்றிக்கொண்டு லோடு வேன் ஊருக்குத் திரும்பும்.

அந்த வேனில்தான் சுடலைமணியின் மனைவி ஆவுடைத்தாய் மயங்கினாள். தகரக் கூரைக்குக் கீழே ஆளோடு ஆள் ஒட்டி நிற்கிற கூட்டம். கீழே சரிய இடமில்லாததால் அவள் விழவில்லை. பின்னால் நின்ற ரெஜினா அக்காவின் தோளில் தலை சாய்ந்தது. தூங்குகிறாள் என்று நினைத்து ரெஜினா அக்கா ஆடாமல் அசையாமல் நின்றுகொண்டே வந்தாள். ஊர் வந்து எல்லோரும் இறங்கியபோதுதான் ஆளுக்கு நினைவில்லை என்று தெரிந்தது.

"இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா கிட்னி தாங்காதும்மா" என்றார் டாக்டர்.

சுடலைமணி மஸ்கட் வேலையை முடித்துக்கொண்டு ஊருக்கு வந்தார். வந்ததும் முதல் வேலையாக, உப்பளத்துக்குப் போக வேண்டாம் என்றார்.

"ஏன்?"

"அதான் நான் வந்துட்டேம்லா."

"நீங்க வந்தா நான் வீட்ல உக்காரணுமா? இத்தனை வருசம் எனக்குப் பேச்சுத்துணைக்கு இருந்தது நீங்களா, அந்த வேன்ல வாரவளுகளா?"

அவளை நிறுத்த முடியாது என்றால் வெயிலையாவது நிறுத்தலாம் என்று நினைத்தார். அப்படித்தான் அவர் அமலி டீச்சரின் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தார்.

துறைமுகத்துப் பழைய ரோட்டில் ஒரு காலியான உப்புக் குடோன். வாசலில் பலகை தொங்கும்: 'இன்னும் வராத பொருள்கள்.'

"வராத பொருளுக்கு எதுக்கு டீச்சர் இவ்வளவு பெரிய பூட்டு?" என்று எதிர்த்த டீக்கடைக்காரர் தினமும் கேட்பார்.

"வந்துட்டா?" என்பார் டீச்சர்.

டீச்சருக்கு முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். ஒரு காலத்தில் பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவர். பள்ளிக்கூடம் போய்விட்டது, டீச்சர் என்ற பேர் ஒட்டிக்கொண்டது. சுடலைமணி அவரை டீச்சர் என்பார். அவர் சுடலைமணியை அண்ணாச்சி என்பார். வயது இரண்டு பேருக்குமே இடைஞ்சலாக இல்லை.

இனி வரப்போகிற நாளில் மனித உடம்பு எப்படிப் பிழைக்கும், அதற்கு என்ன பொருள் வேண்டும் என்று யோசித்து, அதை இன்றைக்கே குப்பையிலிருந்து செய்து பார்ப்பதுதான் அங்கே படிப்பு. பொருள் விலைபோகுமா என்று யாரும் கேட்பதில்லை. மயிலா என்று ஒருத்தி, உடம்பு வியர்வையைக் குடிதண்ணீராக மாற்றும் பையைச் செய்து இடுப்பில் கட்டியிருந்தாள். அதில் ஊறிய முதல் டம்ளரை டீச்சர் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, "அடுத்தது என் வேர்வை. நீ குடி" என்றார். மயிலா அன்றைக்குப் போனவள், பையை மறுபடி தொட ஒரு மாதம் ஆனது.

பட்டறையில் ஒரு பெஞ்சு உண்டு. ஒரு ஆளுக்கு அதிகம், இரண்டு ஆளுக்குக் குறைவு. யார் எந்தப் பொருளைச் செய்துகொண்டு வந்தாலும் டீச்சர் அந்த பெஞ்சில்தான் உட்காருவார், செய்தவரையும் பக்கத்தில் உட்காரச் சொல்வார். தட்டுமுட்டுச் சாமானுக்கு வழியில்லை போலிருக்கிறது என்று நினைத்த சுடலைமணி, சேர்ந்த புதிதில், "டீச்சர், நல்ல பலகை கெடக்கு. அகலமா ஒண்ணு அடிச்சுத் தரட்டா?" என்று கேட்டிருக்கிறார்.

"இது போதும் அண்ணாச்சி."

சுடலைமணி எட்டு மாதம் உழைத்து ஆவுடைத்தாய்க்கு ஒரு குளிர்ச்சட்டையைச் செய்து முடித்தார்.

செத்த ஏசிகளின் செம்புக் குழாய்களை நூல் கனத்துக்கு இழுத்து, கிழிந்த மீன்வலையில் கோத்து, இரண்டு துணிகளுக்கு நடுவே வைத்துத் தைத்திருந்தார். தோள் இரண்டிலும் சூரியத் தகடு. கட்டைவிரல் அளவில் ஒரு கம்ப்ரஸர், நிழலிலும் ஓட ஒரு சின்ன பேட்டரி. வெயில் ஏற ஏறச் சட்டை குளிரும். முதுகில், தோள்பட்டை எலும்புக்கு நேரே, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கம்பி வலை. உடம்பிலிருந்து எடுத்த சூடு அதன் வழியாக வெளியே போய்விடும். புதிதாக வாங்கியது தையல் நூல் மட்டும்தான். கரண்ட் வேண்டாம், புகை இல்லை, பழுதானால் பிரித்து மறுபடி செய்துகொள்ளலாம்.

ஆவுடைத்தாய் முதல் நாள் போட்டுப் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

"ஏங்க, ஐஸ் பெட்டிக்குள்ள நொழஞ்ச மாதிரில்லா இருக்கு. நான் என்ன மீனா?"

சுடலைமணிக்கு அந்தச் சிரிப்பு போதும் என்றிருந்தது.

ஒரு வாரம் போனது. சட்டை ஆணியில் தொங்கியது.

"ஏன் போடல?"

"முதுகு அரிக்கி."

அவர் உள்துணியை மாற்றினார். சட்டை ஆணியில் தொங்கியது.

"கழுத்து பிடிக்கி."

கழுத்தை வெட்டி அகலப்படுத்தினார். சட்டை ஆணியை விட்டு இறங்கவில்லை.

"இந்தக் கலரு எனக்கு ஆகாது."

இருபது வருஷமாக அவர் வாங்கி அனுப்பிய சேலைகளில் ஒன்றைக்கூட நிறம் ஆகாது என்று சொல்லாதவள். அன்றைக்கே சட்டையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பட்டறைக்குப் போனார்.

"டீச்சர், ஒரு சந்தேகம்."

"சொல்லுங்க."

"நல்லா வேலை செய்யுத சட்டையை ஒரு ஆள் ஏன் போட மாட்டேங்கணும்?"

"அவங்ககிட்ட கேட்டீங்களா?"

"மூணு காரணம் சொன்னா. மூணும் பொய்."

"மூணு தடவை பொய் சொல்ற அளவுக்கு ஒரு காரணமா?" என்றார் டீச்சர். அவர் முகத்தில் ஆவல் வந்துவிட்டது. "கொண்டாங்க பாப்போம்."

சுடிதாருக்கு மேலே சட்டையை மாட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தார். சுவிட்சைப் போட்டார். சுடலைமணி பக்கத்தில் உட்கார்ந்தார். டீச்சர் வெளிச்சம் பார்த்து ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் முதுகு சுடலைமணியின் பக்கம் வந்தது.

"எப்படிச் செஞ்சீங்கன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க."

அவர் சொல்லத் தொடங்கினார். குழாயை எப்படி இழுத்தார், வலையை எப்படிக் கோத்தார், மேலூர் பக்கம் பழைய இரும்புக் கடையில் கம்ப்ரஸர் கிடைத்த கதை, கேஸ் ஏற்றும்போது மீசை பாதி உறைந்துபோன கதை. டீச்சர் இடையிடையே கேட்டார். அவர் விவரம் சொன்னார். சொல்லிக்கொண்டே துண்டால் கழுத்தைத் துடைத்தார். பிறகு நெற்றியை. பிறகு மறுபடியும் கழுத்தை.

"கரண்ட் இல்லையா டீச்சர்? ஃபேன் சுத்தக் காணோமே."

"கரண்ட் இருக்கு. நான்தான் போடல. வேன்ல ஃபேன் உண்டா?"

"வேன்ல எங்க…"

"அப்ப வேண்டாம். சொல்லுங்க."

டீக்கடையிலிருந்து இரண்டு டீ வந்தது. டீச்சர் ஆவி பறக்க ரசித்துக் குடித்தார். சுடலைமணி டம்ளரைக் கையில் எடுத்து, பார்த்துவிட்டு, கீழே வைத்தார்.

"டீ பிடிக்கலையா?"

"புழுக்கமா இருக்கு டீச்சர். மழை ஏதும் வருமோ என்னமோ."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே."

"உங்களுக்கு எப்படித் தெரியும், நீங்க சட்டை…"

சொல்ல வந்ததை அவர் முடிக்கவில்லை. கையை நீட்டி, டீச்சரின் முதுகிலிருந்த வலைக்கு நேரே உள்ளங்கையைப் பிடித்தார். அடுப்பில் கொதிக்கிற சட்டியின் மேல் பிடித்த மாதிரி இருந்தது. கையை எடுத்தார். மறுபடி பிடித்தார். மறுபடி எடுத்தார்.

"டீச்சர், இது அனலா அடிக்கி."

"எது?"

"சட்டைதான்."

"எனக்குக் குளுகுளுன்னு இருக்கே அண்ணாச்சி."

சுடலைமணி எழுந்து நின்றார். பிறகு, ஏன் எழுந்தோம் என்று தெரியாதவர் போல உட்கார்ந்தார்.

"ஏசிக்கு அது உள்ளதுதானே டீச்சர். உள்ளே இருக்க சூட்டை எடுத்து வெளியே தள்ளும். அதுக்குத்தான் பின்னாடி வலை வச்சேன்."

"வெளியேன்னா?"

"வெளியேன்னா… வெளியே."

"மஸ்கட்ல எங்க தள்ளுவீங்க?"

"மொட்டைமாடிக்கு. இல்லன்னா கட்டடத்துக்குப் பின்சந்துக்கு."

"அங்க யாரு இருப்பாங்க?"

"யாரும் இருக்க மாட்டாங்க. நாங்கதான்" என்றார் சுடலைமணி. சொன்ன பிறகு கொஞ்ச நேரம் அந்த வார்த்தையையே பார்த்துக்கொண்டிருந்தவர் மாதிரி இருந்தார்.

டீச்சர் டீயைக் குடித்து முடித்தார்.

"அப்ப வலையை முதுகுல வைக்கப்படாது. மேலே வச்சுருதேன் டீச்சர். கழுத்துக்குப் பின்னாடி ஒரு குழாய் விட்டு, தலைக்கு மேலே போற மாதிரி."

"வேனுக்குத் தகரக் கூரைன்னீங்களே."

"ஆமா. அங்க போய் முட்டித் திரும்பும்." அவர் யோசித்தார். "கீழே விட்டுட்டா? கால் பக்கமா?"

"கால் பக்கம் யாராவது உக்காந்திருப்பாங்களா?"

"முட்டுவலிக்காரி ஒருத்தி உண்டு. அவளுக்கு மட்டும் உக்கார இடம் விட்டிருக்காளுக."

"ம்."

"அப்ப வேன்ல வார எல்லாருக்கும் ஒவ்வொரு சட்டை தச்சுக் குடுத்திருதேன். ரெண்டு வருசம் ஆகும். பரவால்ல. ஆளாளுக்குக் குளிரட்டும்."

"எல்லாரும் போட்டுக்கிட்டு வேன்ல ஏறுறாங்க. சொல்லுங்க, என்ன நடக்கும்?"

சுடலைமணி கண்ணை மூடிக்கொண்டார். ஏசி மெக்கானிக்குக்கு அது கஷ்டமான கணக்கு இல்லை. ஒருத்தி தள்ளுகிற சூட்டை அடுத்தவள் சட்டை எடுத்து அதற்கடுத்தவள் மேல் தள்ளும். தள்ளத் தள்ள ஒவ்வொரு சட்டையும் கூடுதலாக உழைக்கும். கூடுதலாக உழைத்தால் கூடுதலாகச் சூடு. வேன் ஊர் எல்லையைத் தொடுவதற்குள்…

"டிரைவர் இறங்கி ஓடிருவான்" என்றார்.

டீச்சர் வாய்விட்டுச் சிரித்தார். சுடலைமணியும் சிரித்தார். சிரித்து முடித்ததும் இரண்டு பேரும் சட்டையைப் பார்த்தார்கள்.

டீச்சர் சுவிட்சை அணைத்து, சட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அதே பெஞ்சில், தோளோடு தோள் இடிக்கிற மாதிரி நேராக உட்கார்ந்தார். டீக்கடையில் யாரோ பரோட்டா கொத்துகிற சத்தம் வந்தது.

"இப்ப எப்படி இருக்கு?"

"இப்ப ஒண்ணும் தெரியல."

"என் உடம்புச் சூடு உங்க மேல படலையா?"

"படும். படாம எங்க போகும்?" சுடலைமணி நிறுத்தினார். "என் சூடும் உங்க மேல படுதுல்லா."

டீச்சர் சட்டையை அவர் பக்கம் நகர்த்தினார்.

சுடலைமணி டீச்சரின் மடியிலிருந்து சட்டையை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தையலைப் பார்த்தார். வலையில் விரலை வைத்தார். இன்னும் சூடு ஆறவில்லை.

"அப்ப இதைத் தூக்கிப் போட்டிரவா டீச்சர்?"

"உங்க வீட்டம்மா வேன்ல மறுபடி மயங்கினா?"

அவர் வேகமாக நிமிர்ந்தார். "போடவும் கூடாது, போடாம இருக்கவும் கூடாதுன்னா என்னதான் செய்ய?"

"தெரியலை அண்ணாச்சி."

"உங்களுக்கே தெரியலையா?"

"நான் அந்த வேன்ல ஏறினது இல்ல. வெளியேன்னு ஒரு இடம் சொன்னீங்களே. அந்த இடத்துல யாரு நிக்கிறாங்கன்னு போய்ப் பாத்துட்டு வாங்க."

சாயந்தரம் அவர் வீட்டுக்கு வந்தபோது ஆவுடைத்தாய் முற்றத்துக் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தாள். உப்பு வெட்டிய விரல் இடுக்குகளில் எண்ணெய் வைப்பதற்காக ஒரு சின்னக் கிண்ணம் பக்கத்தில் இருந்தது. சுடலைமணி சட்டையை ஆணியில் மாட்டாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார்.

"ஆவுடை, வேன்ல உனக்குப் பின்னாடி நிக்கது யாரு?"

அவள் குழாயை மூடினாள்.

"யாரு சொன்னா உங்களுக்கு?"

"யாரும் சொல்லல. கேக்கேன்."

"ரெஜினா அக்காதான். வேன்ல யாரு எங்க நிக்கணும்னு கல்யாணப் பந்தி மாதிரி இருக்கும். மாறினா சண்டை வரும்."

"அவ ஏதும் சொன்னாளா?"

"ஒண்ணும் சொல்லல." ஆவுடைத்தாய் எண்ணெயைத் தொட்டு விரல் இடுக்கில் வைத்தாள். "மொத நாள் ஒண்ணும் சொல்லல. மறுநாள் துண்டை நனைச்சுத் தோள்ல போட்டுட்டு வந்தா. என்னக்கான்னு கேட்டேன், வேனலுக்கு நல்லதுட்டின்னா. மூணாம் நாள் துண்டை எடுத்துப் பாத்தேன். தோளெல்லாம் கொப்புளம். நான் மயங்கினப்ப தலையைச் சாச்சுக்கிட்டு வந்தேம்லா, அதே தோளு."

சுடலைமணி படியில் உட்கார்ந்தார்.

"வேன்ல ஏறும்போது சுவிட்சை அணைச்சிருக்கலாம்லா?"

"அணைச்சேனே. அணைச்சா அது சாக்கு. காத்துக்கூட உள்ள வராது. ரெண்டு நாள் பாத்தேன், கண்ணு இருட்டிக்கிட்டு வந்தது. அதான் கழட்டி மாட்டிட்டேன்."

"கழட்டின பொறவு?"

"இன்னும் விழல."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"அந்த மூலையில எட்டு மாசம் குனிஞ்சபடி உக்காந்திருந்தீங்க. சோறு ஆறிப்போய்க் கெடக்கும், எந்திரிக்க மாட்டீங்க. எப்படிச் சொல்ல? வாய் வரல." அவள் அடுத்த காலை எடுத்து வைத்துக்கொண்டாள். "கலரு மட்டும் நிசமாவே நல்லால்ல."

அவர் சிரிக்க முயன்று பாதியில் விட்டார்.

முற்றத்தில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு ஏசியின் பின்பக்கம் இவர்கள் சுவரைப் பார்த்து ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு நேரே வைத்திருந்த கறிவேப்பிலைக் கன்று ஒரு பக்கம் மட்டும் கருகியிருந்தது. தினமும் பார்த்த கன்றுதான். சுடலைமணி எழுந்து போய்த் தொட்டியைத் தூக்கி எதிர்ப்பக்கம் கொண்டுபோனார். அந்தப் பக்கம் ஆவுடைத்தாய் பாத்திரம் கவிழ்க்கும் இடம். தொட்டியைக் கையில் வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, பாத்திரங்களை ஒதுக்கி, நடுவில் அதற்கு இடம் பண்ணினார்.

பிறகு உள்ளே போய்ச் சட்டையை மடித்து அவளுடைய தூக்குவாளிப் பையில் வைத்தார்.

"இத எதுக்கு அதுல வைக்கீங்க?"

"நாளைக்குப் போட்டுக்கோ. வேன்ல அணைக்காத."

"ரெஜினா அக்கா?"

"போட்டுக்கோன்னா போட்டுக்கோ."

ஆவுடைத்தாய் அவர் முகத்தைப் பார்த்தாள். பையின் வாயை இழுத்துக் கட்டினாள்.

மறுநாள் வேன் திரும்புகிற நேரம் பார்த்து, சுடலைமணி ஒரு துண்டை நனைத்துத் தோளில் போட்டுக்கொண்டு உப்பளத்துக்குப் போனார். ரெஜினா அக்காவை முன்னால் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, ஆவுடைத்தாய்க்குப் பின்னால் அந்த இடத்தில் ஏறி நின்றுகொண்டார்.